90இல் நின்றுவிடும் ரேடியோ: பர்மாவில் ஓடும் ஜப்பான் வண்டிகளுக்கு எது பொருந்தும்?

போனில் இருக்கும் பாட்டை எஃப்எம் அலையாக்கி வண்டி ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், வண்டி ரேடியோவில் டியூன் பட்டனை அழுத்திக்கொண்டே மேலே போய்ப் பாருங்கள். எண் 108 வரை ஏறுகிறதா, 90ஐத் தொட்டதும் 76க்குத் திரும்பிவிடுகிறதா? ரங்கூனில் ஓடும் புரோபாக்ஸ், மார்க் டூ, ஃபிட், விஷ் போன்ற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. அந்த நாட்டில் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்தது. அதற்கு மேலே 108 வரை டிவியின் முதல் மூன்று சேனல்கள் இருந்தன. 2011-12இல் அனலாக் டிவியை நிறுத்திய பிறகுதான் எஃப்எம்மை 95 வரை நீட்டினார்கள். நம் கைக்கு வந்த வண்டிகளில் பல அதற்கும் முந்தியவை.

கடையில் கிடைக்கும் டிரான்ஸ்மிட்டரோ 87.5இலிருந்து 108 வரை வேலை செய்வது. ஆக, இரண்டும் சந்திக்கும் இடம் வெறும் இரண்டரை மெகாஹெர்ட்ஸ். அதன் நடுவில் 89.0இல் சிட்டி எஃப்எம். அக்கம்பக்கத்தில் வேறு நிலையங்களும் உண்டு. எஃப்எம்மில் இரண்டு அலைகள் ஒரே எண்ணில் மோதினால் கலந்து கேட்காது, பலமானது மற்றதை அமுக்கிவிடும். அதனால்தான் சூலே பக்கம் வண்டி ஊரும்போது இளையராஜா பாட்டின் நடுவே ஒரு பர்மிய விளம்பரம் முழுத் தெளிவோடு இரண்டு வரி பேசிவிட்டுப் போகிறது. நெரிசலில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். எல்லா டாக்சிக்காரரும் இதே குறுகிய இடத்தில்தான் எண் பிடித்திருப்பார்கள். பக்கத்து டாக்சியின் பாட்டு நம் வண்டியில் பாடும், நம் பாட்டு அவர் வண்டியில் பாடும்.

சரி, கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர்தான் என்றால் அதை ஒழுங்காகப் பாடவைக்க வழி இருக்கிறது. முதலில் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, 87.5இலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கேளுங்கள். மெல்லிய பேச்சுகூட இல்லாமல் ஒரே சீராக இரைகிற எண்தான் காலி எண். அடுத்தது ஏரியல். இழுத்து நீட்டும் ஏரியல் இருந்தால் அதை உள்ளே தள்ளிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் நிலையங்கள் பலவீனமாகும், ஓரிரு மீட்டர் தூரத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் எப்படியும் கேட்கும். போனின் சத்தத்தை முழுவதும் ஏற்றாதீர்கள், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே போதும். அதற்கு மேல் ஏற்றினால் சீர்காழியின் உச்சஸ்தாயி கிழிந்து கேட்கும். பற்றாத சத்தத்தை ரேடியோவில் ஏற்றிக்கொள்ளலாம்.

எஸ்டி கார்டு செருகும் டிரான்ஸ்மிட்டருக்கு இங்கே தனி மவுசு. இணையம் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் பாட்டைக் கார்டில் போட்டு வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் பல டிரான்ஸ்மிட்டர்கள் படிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிலவற்றில் வண்டியை அணைத்துப் போட்டால் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள், தினமும் அதே முதல் பாட்டைக் கேட்பது பெரிய தண்டனை.

நெடுஞ்சாலையில் கதை வேறு. ரங்கூன்–மாண்டலே விரைவுச் சாலை 366 மைல். ஊரைத் தாண்டியதும் அலைவரிசை காலியாகிவிடும், டிரான்ஸ்மிட்டர் நிம்மதியாகப் பாடும். எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வராது, மெல்லிய இரைச்சலும் கூடவே இருக்கும். ஆனால் அந்த கான்கிரீட் சாலையில் டயர் போடும் சத்தத்துக்கு முன்னால் இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது?

சிலர் பேண்ட் எக்ஸ்பாண்டர் போடச் சொல்வார்கள். ஏரியல் வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி. வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கித் தரும். 14 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால், டிரான்ஸ்மிட்டரில் 100.0 வைத்து ரேடியோவில் 86.0இல் கேட்கலாம். காகிதத்தில் அழகான தீர்வு. ஆனால் மலிவுப் பெட்டிகள் இரைச்சலைச் சேர்க்கின்றன, ஊருக்குள் பலமான நிலையங்கள் பக்கவாட்டில் கசிகின்றன. அதைப் போட டேஷ்போர்டைப் பிரிக்கவும் வேண்டும். பிரிப்பதென்று ஆன பிறகு பாட்டுக்காக எக்ஸ்பாண்டர் போடுவது வீண் என்பேன். 90க்கு மேலே இருக்கும் நிலையங்களையும் கேட்க ஆசை என்றால் மட்டும் போடலாம்.

தொண்ணூறுகளின் கொரோலாவோ மார்க் டூவோ வைத்திருப்பவர்கள் கேசட் அடாப்டரை, அதாவது போனோடு வயரில் இணைத்து வண்டியின் கேசட் டெக்கில் செருகும் போலிக் கேசட்டை, கேவலமாக நினைக்க வேண்டாம். என் கணிப்பில் ரங்கூனுக்குள் அது டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காற்றில் எதுவும் போவதில்லை, அதனால் எந்த நிலையமும் குறுக்கே வராது. அடாப்டரின் தலை டெக்கின் தலையோடு காந்தம் வழியாக மட்டும் பேசுகிறது, மின்தொடர்பு கிடையாது. அதனால் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்டாலும் என்ஜினோடு சேர்ந்து ஏறும் அந்த ‘உய்ங்’ பெரும்பாலும் வராது. தொல்லை ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில்தான். நாடா முடிந்துவிட்டது என்று நினைத்து ‘டக், டக்’ என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே பல்சக்கரங்கள் இரண்டும் சுற்றும் அடாப்டராகப் பார்த்து வாங்கினால் அந்த டெக் ஏமாந்துவிடும். சத்தம் மங்கலாக இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் தலையைத் துடையுங்கள், கரிக்கோடு போல அழுக்கு ஒட்டி வரும். போனில் ஹெட்போன் துளை இல்லாதவர்களுக்கு புளூடூத் வைத்த கேசட் அடாப்டரும் இருக்கிறது. மினிடிஸ்க் டெக் உள்ள வண்டிக்கு இந்த வழி இல்லை.

இவை எல்லாவற்றையும்விட வயர்தான் மேல். போனின் வயரை நேராகச் செருகும் ஆக்ஸ் துளை ரேடியோவில் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். ‘உய்ங்’ வந்தால் வயரின் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், அதாவது மின்தொடர்பை அறுத்துப் பாட்டை மட்டும் விடும் சின்னப் பெட்டி, போட்டால் அடங்கிவிடும். ஆக்ஸ் இல்லை என்று நினைக்கும் பலரின் வண்டியில் அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஜப்பான் நேவிகேஷன் செட்டுகளில் அதன் பெயர் விடிஆர். கிளவ் பாக்ஸுக்குள்ளோ செட்டின் முதுகிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆர்சிஏ முனைகள் தொங்குகின்றனவா என்று ஒயரிங் பார்க்கும் சயாவிடம் (மெக்கானிக்கிடம்) கேளுங்கள். பாட்டுக்கு வெள்ளையும் சிவப்பும் போதும்.

அந்த நேவிகேஷன் செட்டில் ஒரு பொறி உண்டு. பேட்டரியை மாற்றினால் டொயோட்டா செட்டுகளில் சில ஜப்பானிய எழுத்தில் ஒரு திரையைக் காட்டிப் பூட்டிக்கொள்ளும். ரேடியோவும் வராது, விடிஆரும் வராது. வேறு சில, வரைபட எஸ்டி கார்டு இல்லையென்றால் வாயே திறக்காது. திரையில் தெரியும் எண்ணைக் கொடுத்தால் திறக்கும் எண்ணைக் கணக்கிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள், அலைச்சல்தான். வண்டி வாங்கும்போதே கார்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் புளூடூத் ஸ்பீக்கர் வைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கதவில் நான்கு ஸ்பீக்கர் சும்மா இருக்க, ஒரு மூலையிலிருந்து பாட்டு வரும்.

அப்புறம், செட்டையே மாற்றுவது. செலவு அதிகம், ஆனால் தகராறு அத்தோடு தீர்ந்தது: 108 வரை ரேடியோ, புளூடூத், யுஎஸ்பி. இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். 1970 முதல் இந்த நாடு வலப்பக்கம் ஓட்டுகிறது, நம் வண்டியின் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்திச் செல்லும்போது எதிரே வருவது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவரும் பாட்டு மாற்றக் குனிந்துவிட்டால் யார் சாலையைப் பார்ப்பது? செட்டின் முகத்தில் பெரிய பட்டன் இருப்பது இந்த வகையில் உதவி.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். டொயோட்டாவின் இரட்டை அளவு இடம் பெரும்பாலும் 200 மில்லிமீட்டர் அகலம், பொது அளவு 180. 180ஐ வாங்கினால் இரு பக்கமும் இடைவெளி தெரியும், அதை மறைக்கும் சட்டமும் கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவின் 10 முனை, 6 முனைச் செருகிக்குப் பொருந்தும் இணைப்பு வயர் தனியாகக் கிடைக்கும். வண்டி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய செட்டை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது புதுச் செட்டைக் கழற்றிக்கொண்டு அதைத் திரும்ப மாட்டித் தரலாம்.