பலகை இல்லாத சாப்பாட்டுக் கடையும் அதன் முருங்கைக்காயும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைக் கடந்து ஆடியபாதம் வீதியால் கொக்குவில் பக்கம் போனால், ஒரு ஒழுங்கைக்குள் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிற வீடு ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. படலையில் 'சாப்பாடு உண்டு' என்று எழுதிய மட்டை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். முன் விறாந்தையில் சில மேசைகள். பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். எல்லாரும் 'அக்கா கடை' என்றுதான் சொல்கிறார்கள், அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும்.

அங்கே சமைக்கிற எல்லாவற்றையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. சோறு நல்ல சோறு, பருப்பு பரவாயில்லை, அப்பளம் அப்பளம்தான். எழுத வேண்டியது முருங்கைக்காயைப் பற்றி. ஏனென்றால் கிழமையில் மூன்று நாளாவது ஏதோ ஒரு விதத்தில் முருங்கைக்காய் இந்தக் கடையில் இருக்கும், அதுவும் ஒரே மாதிரி இருக்காது. அக்கா நெடுங்காலம் தமிழ்நாட்டில் இருந்துவிட்டு வந்தவர். நானும் தொண்ணூறுகளில் திருச்சியில் சில வருடங்கள் இருந்தவள், பிறகு இங்கே வந்து மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதனால் இரண்டு கரைச் சமையலையும் வைத்து அவருடைய சட்டியை அளந்து பார்க்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முருங்கைக்காயில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. துண்டைப் பல்லில் வைத்து இழுக்கும்போது சதையோடு குழம்பும் சேர்ந்து வருகிறதா? வராவிட்டால், வெளியே எவ்வளவு ருசியான குழம்பு இருந்தும் பிரயோசனம் இல்லை. மற்ற மரக்கறிகளுக்கு உப்பும் புளியும் எல்லாப் பக்கத்தாலும் ஊறும். முருங்கைக்காயின் தோல் நார் பிடித்தது, அதற்குள்ளால் ஒன்றும் சுலபமாகப் போகாது. குழம்பு உள்ளே போவது பெரும்பாலும் வெட்டிய இரண்டு முனைகளாலும்தான். ஆகவே குழம்பிலேயே கிடந்து மெதுவாக அவிய வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க வெறும் தண்ணீரில் தனியாக அவித்து, பிறகு கறிக்குள் கொட்டினால், உள்ளே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கும். அப்புறம் கறிக்கு இடம் ஏது? கல்யாண வீட்டுச் சமையலிலும் பெரிய கடைகளிலும் முருங்கைக்காய் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த அளவுகோலில் அக்காவின் வெள்ளிக்கிழமைப் பால்கறி முதலாந்தரம்.

வெள்ளிக்கிழமை கடையில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. குசினி யன்னல் விறாந்தைப் பக்கம் திறந்திருப்பதால் சமைப்பது கண்ணுக்குத் தெரியும். காயின் தோலை முழுவதும் உரித்து எடுப்பதில்லை, கத்தியால் மேலாகச் சீவி, வெட்டும்போது கையோடு வருகிற நாரை மட்டும் இழுத்து எறிகிறார்கள். இது சரியான முறை. தோலை முழுக்க எடுத்தால் கொதியில் காய் பிளந்து விதைகள் தனியே மிதக்கும். துண்டு சுட்டுவிரலை விடக் கொஞ்சம் கட்டை. சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, உருளைக்கிழங்கு நாலைந்து துண்டு. எல்லாம் கப்பிப்பாலில் (முதற்பால் பிழிந்த பிறகு எடுக்கிற தண்ணித் தேங்காய்ப்பால்) போட்டு மூடி அவிய விடுகிறார். கறித்தூள் கிடையாது. கப்பிப்பால் பாதிக்கு மேல் வற்றி, காய் நசிக்கிற பதம் வந்த பிறகுதான் முதற்பால். அதுவும் ஓரத்தில் ஒரு கொதி கிளம்பின உடனே சட்டி இறங்கிவிடும். தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும், புளி சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் திரையும். அதனால்தான் தேசிக்காய் விடுவது சட்டியை இறக்கிக் கொஞ்சம் ஆறின பிறகு. பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததை இந்த அக்கா கைப்பழக்கத்தில் செய்கிறார்.

அந்தக் கறியை இடியப்பத்தோடு சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் மத்தியானத்தில் இடியப்பம் கொடுப்பதில்லை. சோற்றோடும் குறையில்லை. துண்டைக் கடித்தால் இனிப்பான பால் உள்ளிருந்து வருகிறது, பின்னால் பச்சை மிளகாயின் உறைப்பு மெல்ல வருகிறது. ஒரு நாள் பால் கொஞ்சம் கூடத் தண்ணியாக இருந்தது. தேங்காய் விற்கிற விலைக்கு அதை நான் பெரிது படுத்தவில்லை.

புதன்கிழமைத் தூள்குழம்பு வேறு மாதிரி. கத்தரிக்காயும் முருங்கைக்காயும், பலாக்கொட்டை கிடைக்கிற காலத்தில் அதுவும். இரண்டு காய்களையும் எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம், வெந்தயம் தாளித்து, வீட்டிலேயே வறுத்து இடிப்பித்த தூள் போட்டு வைக்கிறார். பழப்புளி விடுகிற நேரத்தைத்தான் நான் கவனிப்பேன். காய் அவிவதற்கு முன் புளி விட்டால், புளிப்பு காயின் திசுவை இறுக்கிப் பிடித்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பு போகாது. இங்கே முக்கால் பதத்துக்குப் பிறகுதான் புளி. ருசி நல்லது. குறை என்றால் எண்ணெய். கத்தரிக்காய் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் குடிக்கும், அதை வடிய விடாமல் அப்படியே சட்டியில் போடுகிறார்கள். சாப்பிட்டு முடிய கோப்பையில் சிவப்பாக ஒரு வளையம் நிற்கும். என் வயதுக்கு அது ஒத்துவராது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் அதையும் சோற்றால் துடைத்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

இனிச் சாம்பார். திங்கட்கிழமைகளில் 'இந்தியச் சாம்பார்' என்று கடையில் சொல்கிறார்கள். அக்கா தமிழ்நாட்டில் இவ்வளவு காலம் இருந்தவர் என்பதால் எனக்கு எதிர்பார்ப்பு கூட. ஆனால் இதில்தான் கடை சறுக்குகிறது.

திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி செய்கிற முருங்கைக்காய்ச் சாம்பாரில் பருப்பு தனி, காய் தனி. துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து ஒரு பக்கம் வைத்துவிடுவார். காயை மஞ்சள், உப்பு, சாம்பார்ப் பொடி போட்ட தண்ணீரில் வேகவிட்டு, பிறகு புளி கரைத்து விட்டு, புளியின் பச்சை வாடை அடங்கின பிறகுதான் பருப்பு சேரும். காய்க்குள் முதலில் போவது பொடியின் காரமும் உப்பும், அடுத்தது புளிப்பு. கெட்டியான பருப்பு கடைசியில் வெளியே பூசினால் போதும். கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டும்போது தெருமுனைக்கே மணக்கும். அதே வீட்டில் மாங்காய்க் காலம் வந்தால் இரண்டு துண்டு புளிமாங்காய் விழும், புளி பாதியாகக் குறையும்.

இங்கே நடப்பது என்ன? பருப்பும் காயும் ஒரே குக்கரில் போகின்றன. துவரம்பருப்பு விலை கூட என்று மைசூர்ப்பருப்பு. அது சீக்கிரம் கரைந்து கூழாகிவிடும், துவரம்பருப்பின் அந்தத் திடம் அதற்கு வராது. விசில் வருகிற அமுக்கத்தில் முருங்கைக்காய் வெடித்து, சதை பருப்போடு கலந்து, நார் மட்டும் குழம்பு முழுக்கப் பரவி நிற்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் நார் எடுக்க வேண்டியிருக்கிறது. பொடியின் மணம் நல்லதுதான், பெருங்காயமும் குறைவில்லை. ஆனால் முருங்கைக்காய்ச் சாம்பாரில் முருங்கைக்காய் ஒரு துண்டாவது முழுசாக இருக்க வேண்டாமா? பரிமாறுகிற தம்பியிடம் சொன்னேன். "திங்கட்கிழமை சனம் கூட, ரீச்சர். தனித்தனியா வைக்க அடுப்பு காணாது" என்றான். நியாயமான பதில். ஆனால் அடுப்பு காணாவிட்டால் அன்றைக்குச் சாம்பாரில் பூசணியும் கத்தரியும் போடலாம். முருங்கைக்காயை மற்ற நாளுக்கு வைக்கலாம்.

சனிக்கிழமை இறாலும் முருங்கைக்காயும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சோடியைப் பிடிக்காதவர்கள் குறைவு. காய் அவிய நேரம் எடுக்கும், இறால் சில நிமிடத்தில் அவிந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இறால் சுருண்டு இறப்பராகிவிடும். நான் சாப்பிட்ட அன்று சரியாகத்தான் இருந்தது, ஆனால் இறாலைத் தேட வேண்டியிருந்தது. நண்டுக்கறி வைக்கிற நாளில் இறக்கும் நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை போடுவதை விடவில்லை, அதற்காகவே ஒரு சபாஷ். இலை வறையும் சில நாட்களில் உண்டு, துருவின தேங்காய்ப்பூ தாராளம்.

நான் கேட்டும் கிடைக்காத சில உண்டு. மலையாள வீடுகளில் செய்கிற அவியலில் முருங்கைக்காய்தான் முக்கியமான ஆள்: தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்து, தயிர் சேர்த்து, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றி மூடி வைப்பார்கள். தமிழ்நாட்டில் மிளகு, சீரகம், தேங்காய் அரைத்து, பாசிப்பருப்போடு வைக்கிற பொரித்த குழம்பும் அப்படி; புளியே இல்லாமல் வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஆந்திரப் பக்கம் பசுப்பால் விட்டுக்கூட முருங்கைக்காய் சமைக்கிறார்கள், நமது பால்கறிக்குத் தூரத்துச் சொந்தம். அக்காவிடம் அவியலைப் பற்றிச் சொன்னேன். "அது கலியாணத்துக்குச் சரி, இஞ்சை தயிர் போட்டால் ஆர் சாப்பிடுவினம்?" என்றார். பேசிப் பிரயோசனம் இல்லை.

காய் வாங்குவதில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. சந்தையில் ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிப் பார்ப்பார். வளைந்து கொடுத்தால் பிஞ்சுப் பதம், மடமடவென்று விறைத்தால் விட்டுவிடுவார். மெல்லிய காயில் சதை இருக்காது, பருத்து மேடு தட்டினால் விதை முற்றியிருக்கும். சாவகச்சேரிப் பக்கத்துத் தென்மராட்சிக் காய் வந்தால் விலை பேசாமல் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். திருச்சிச் சந்தையில் அந்தக் காலத்தில் பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 காய்தான் குவிந்து கிடக்கும். விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கிற செடிமுருங்கை, காய் இரண்டு அடிக்கு மேல் நீளும். ஆனால் அங்கத்தைய விவசாயப் புத்தகங்களில் மரமுருங்கை வகைகளின் பட்டியலைப் பார்த்தால் 'யாழ்ப்பாண முருங்கை', 'சாவகச்சேரி முருங்கை' என்று இரண்டு பெயர் இருக்கும். ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் இருந்த எங்களுக்கு அதைப் படிக்க என்னவோ செய்தது.

சரி, கடைக்கு வருவோம். மரக்கறிச் சாப்பாடு 350 ரூபா, மச்சத்துக்கு அதற்கேற்ற மாதிரிக் கூடும். சோறும் பருப்பும் இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் போடுவார்கள். முருங்கைக்காயை மட்டும் எண்ணித்தான் போடுவார்கள். கை கழுவுகிற இடம் துப்புரவு. எனக்கு மிகவும் பிடித்த விடயம், முருங்கைக்காய் உள்ள நாட்களில் சக்கை போட ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறார்கள். பெரிய உணவகங்களில் கூட இந்த யோசனை இல்லை. அங்கே சப்பின சக்கையைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அது சோற்றுக்குள் உருண்டு வராமல் காவல் காக்க வேண்டும்.

பார்சல் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பால்கறியைச் சின்னப் பையில் கட்டித் தருகிறார்கள், வீடு போவதற்குள் அது கசிந்து அப்பளத்தை நனைத்துவிடும். பால்கறிக்கு அங்கேயே இருந்து சாப்பிடுவதுதான் நல்லது, தூள்குழம்பு பார்சலுக்குத் தாங்கும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் கடை முழுக்கச் சைவம். அந்த நாட்களில் பால்கறியும் தூள்குழம்பும் மாறி மாறி வரும், கூட்டமும் வரும். மற்ற நேரத்தில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு முதல் போய்விடுங்கள். ஒன்றரை ஆனால் சட்டியில் உருளைக்கிழங்குதான் மிஞ்சும். திங்கட்கிழமை போகிறவர்கள் சாம்பாரை விட்டு, ரசம் கேட்டு வாங்குங்கள். அது கேட்டால்தான் தருவார்கள்.