ஐயா காலத்துப் பிஸ்டலா, புதிய ரிவால்வரா: செட்டிநாட்டு வீட்டுக்கு எது தோது?

சட்டைப் பையில் அடங்குகிற சின்னத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பவர்கள் நம் பக்கத்தில் இரண்டு வகை. சிலருக்குத் துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிற்கப் போன ஐயா (தாத்தா) வாங்கி, அப்பச்சி (அப்பா) பெயருக்கு லைசென்ஸ் மாறி, இப்போது யார் பெயருக்கு மாற்றுவது என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருக்கும் துப்பாக்கி அது. மற்றவர்கள் நகைக்கடை, அரிசி ஆலை, பணம் புழங்கும் தொழில் என்று இருப்பவர்கள். புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டு வகையினரும் விலையையும் பெயரையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டே விஷயம்: அதற்குரிய தோட்டா தொடர்ந்து கிடைக்குமா, அதைத் துடைத்து எண்ணெய் போட ஆள் அந்த வீட்டில் இருக்கிறாரா. பழைய .25 பிஸ்டல், .22 ரிவால்வர், .32 பிஸ்டல், .32 ரிவால்வர் நான்கையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன். அந்த எண் ஏறக்குறைய குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். பிடிக்குள் சொருகும் மேகசினிலிருந்து தோட்டா ஏறுவது பிஸ்டல், சுழலும் சிலிண்டரின் அறைகளில் தோட்டா இருப்பது ரிவால்வர்.

பழைய .25-இல் தொடங்குகிறேன், பாசம் அதன்மேல்தான் அதிகம். 6.35 மி.மீ. என்றும் இதைச் சொல்வார்கள். ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக வடிவமைத்த தோட்டா. 1908-இல் கோல்ட் நிறுவனம் அதே வடிவத்தில் அமெரிக்காவில் பிஸ்டல் விட்டது. வெப்லி ஸ்காட்டும் இதே அளவில் செய்தது. உள்ளங்கைக்குள் மறையும், வேலைப்பாடு அழகு, கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் குண்டின் எடை 50 கிரெயின், அதாவது 3 கிராமுக்குச் சற்று மேல். வேகமும் குறைவு. பாதுகாப்புக்கென்று நம்பும் பலம் அதில் இல்லை. அதைவிடப் பெரிய குறை தோட்டா. நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து கடைக்கு வழக்கமாக வருவது .32-உம் .22-உம்தான். .25 அரிது, கிடைத்தாலும் விலை கை சுடும். வருஷத்துக்கு நாலு தோட்டாகூடச் சுட்டுப் பழக முடியாத ஒன்றை இக்கட்டில் நம்பக் கூடாது.

இன்னொன்று, இந்தப் பழைய சின்னப் பிஸ்டல்களில் பலவற்றுக்குக் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு கிடையாது. மேகசினை உருவிவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைப்பதும் ஆபத்து. சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், ஒரு தோட்டா நிற்கலாம். மேகசினை முதலில் எடுத்து, பிறகு மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்த பிறகே காலி என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பேரன் பேத்திகள் லீவுக்கு வரும் வீட்டில் இதைச் செய்யாமல் பிஸ்டலை மேசைமேல் வைப்பவரை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆக, பழைய .25-ஐ வைத்திருப்பதற்கு ஒரே நியாயம் அது ஐயாவின் கை பட்ட பொருள் என்பது. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் "பழசுதானே, லைசென்ஸ் எதற்கு" என்று யாரும் இருக்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலப் பொருளுக்கு மட்டுமே. சுடக்கூடிய பிஸ்டல் எத்தனை பழசானாலும் ஆயுதம்தான். லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசுகள் தாமதிக்காமல் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, அப்புறம் வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளில் இன்னொரு வழியும் இருக்கிறது: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அப்பச்சி திடமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. ஒரே வீட்டில் பத்துப் புள்ளி, பதினைந்து புள்ளி (தனிக் குடும்பம்) பங்கு இருக்கும் நம் ஊரில், பிற்பாடு மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்குவது லேசான காரியமில்லை. வீட்டைப் போலத் துப்பாக்கியைப் பொதுவில் வைக்க முடியாது. லைசென்ஸ் ஒரு ஆளுக்குத்தான், சாவியும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

பெட்டகத்தை ஒழுங்குபடுத்தும்போது லைசென்ஸே இல்லாத ஒன்று கிடைத்தால், ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு ஸ்டேஷனில் எழுத்து மூலம் ஒப்படைத்துவிடுங்கள். திரும்ப அதே இடத்தில் வைத்துப் பூட்டுவதுதான் வம்பு.

.22 ரிவால்வரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியின் நிடர் என்ற ரிவால்வர் சுமார் 250 கிராம்தான், பைக்குள் இருப்பதே தெரியாது. தோட்டா மலிவு, அதிர்வு குறைவு, பழகிக்கொள்ள நல்லது. ஆனால் .22 தோட்டாவில் ஊசி அடித்ததும் பற்றும் கலவை அடிப்பகுதியின் விளிம்பைச் சுற்றி இருக்கிறது. அந்தக் கலவையை நடுவில் தனிக் குப்பியில் வைத்த தோட்டாவைவிட இது வெடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். மெழுகு பூசிய ஈயக் குண்டு என்பதால் அழுக்கும் சீக்கிரம் சேரும். தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகினால் சில .22 துப்பாக்கிகளில் ஊசி சேம்பர் விளிம்பில் அடித்துக் கெட்டுப்போகும். பழகுவதற்கு வாங்குங்கள், நம்பிக்கைக்கு வாங்காதீர்கள்.

உண்மையான போட்டி .32 பிஸ்டலுக்கும் .32 ரிவால்வருக்கும்தான். 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. அதனால்தான் நம் நாட்டில் எல்லோரும் .32-இல் வந்து நிற்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கடையில் இரண்டையும் .32 என்றே சொன்னாலும் தோட்டா வேறு வேறு. பிஸ்டலுக்கு உரியது 7.65 மி.மீ. பிரவுனிங், 1899-இல் வந்தது, குண்டு 71 கிரெயின். ரிவால்வருக்கு உரியது எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங், குண்டு பெரும்பாலும் 98 கிரெயின். ஒன்றை மற்றதில் போட்டுப் பார்க்கவே கூடாது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

பிஸ்டலின் மெச்சத்தக்க குணம் தட்டையான உடம்பு. இடுப்பில் புடைக்காது, மேகசின் மாற்றுவது சுலபம். இஷாப்பூரின் அஷனி என்ற பிஸ்டல் கிடைக்கிறது. பழைய வால்தர் பிபிகே போன்றவை வெளிநாட்டுச் சரக்கு. 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால் அவற்றின் விலை லட்சங்களில் போகிறது. அந்த விலை அருமைக்குத்தான். வேலை செய்வதில் அத்தனை லட்சத்துக்கான வித்தியாசம் கிடையாது. சின்னப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கையும் மட்டும் நம்பி இயங்குபவை. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்பக்கம் ஓங்கி அடிக்கும், தோட்டாவும் சரியாக ஏறாது. மேகசின் ஸ்பிரிங்கும், தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் உதடும் சரியாக இருக்க வேண்டும். .32 பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் மெல்லிய விளிம்பு உண்டு. மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் சிக்கினால் அடுத்த தோட்டா வரவே வராது. ஆகவே பிஸ்டல் கவனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ரிவால்வர் அவ்வளவு கேட்காது. இந்தியத் தொழிற்சாலை .32 ரிவால்வர் பழைய வெப்லி முறையில் நடுவில் மடித்துத் திறப்பது. திறந்தால் ஆறு அறையும் கண் முன்னால். காலியா இல்லையா என்ற சந்தேகமே எழாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். 2014-இல் கான்பூரில் வெளியிட்ட நிர்பீக் என்ற ரிவால்வர் டைட்டானியம் கலந்த உலோகத்தில் சுமார் 500 கிராம். அன்றைக்கே விலை 1,22,360 ரூபாய். 2023-இல் வந்த ‘பிரபல்’ என்ற ரிவால்வர் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறக்கும் வகை. ரிவால்வரின் குறை பருமனும் கனமான டிரிகரும். பழகாதவர் இழுத்தால் குறி நகரும். மதுரை, திருச்சி ரைபிள் கிளப்புகள் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். கிளப்பில் சேர்ந்து பழகச் சோம்பல்படுபவர் துப்பாக்கியே வாங்க வேண்டாம்.

இனி பராமரிப்பு. செட்டிநாடு வறண்ட பூமி, இங்கே என்ன துரு என்று பலர் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டின் இரும்புப் பெட்டிக்குள் ஈரம் தங்கி நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை. உலோகம் அரிப்பதை ஆராயும் மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது. அவர்கள் கடற்கரை அரிப்பைச் சோதிக்கும் களம் மண்டபத்தில். துருவுக்கு வேண்டியது ஈரமும் காற்றும், அதை விரைவாக்குவது உப்பு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. கை வியர்வையிலேயே உப்பு இருக்கிறது. தொட்டால் துடைத்து வைக்க வேண்டும்.

வீட்டில் கண்ணில் பட்ட எண்ணெயைப் போடாதீர்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் நாளடைவில் பிசினாகி ஊசியையும் ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் இல்லாத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. அதுவும் மெல்லிய படலமாக. சொட்டச் சொட்டப் போட்டால் நம் செம்மண் தூசியெல்லாம் ஒட்டி அரத்தூளாகிவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைப் பிஸ்டலுக்கும் போட்டுத் தேய்த்த வீடுகள் உண்டு. அந்த நீலக்கருப்பு நிறமே இரும்பின் மேல் வேண்டுமென்று ஏற்றிய ஆக்ஸைடு காப்பு. புளியின் அமிலம் அதைக் கழற்றிவிடும், அடுத்த மழைக்கே வெள்ளை இரும்பில் துரு ஏறும்.

தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடிக்கும், பதனிட்ட ரசாயனமும் இரும்பை அரிக்கும். பட்டுத் துணியில் சுற்றுவதும் அப்படித்தான். எண்ணெய் தடவி, உறை இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் பொட்டலத்தை மாற்ற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைவிட உள்கட்டு அறை மேல். தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது. குப்பிக்குள் இறங்கினால் வெடிக்காது. தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும். ஐயா காலத்துத் தோட்டா மீதி இருந்தால் சுட்டுப் பார்க்க வேண்டாம், கடையில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் குப்பி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டால் குழலில் உப்புப் படியும், அதை எண்ணெய் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். முன்பு அப்படிச் சுட்டுவிட்டுச் சும்மா வைத்ததால்தான் பல பழைய பிஸ்டல்களின் குழல் உள்ளே குழிக்குழியாக இருக்கிறது. பழுது பார்க்க லேத் பட்டறைக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதற்கு லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வீட்டோடு ஒருவர் இருந்து, மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்து, கிளப்புக்கும் போய்வருகிறார் என்றால் என் தேர்வு .32 ரிவால்வர். கையில் பழக்கமும் பொறுமையும் உள்ளவர், உடம்போடு வைத்துக்கொண்டு போகத் தேவை உள்ளவர், .32 பிஸ்டலை எடுக்கலாம். தோப்பு, பண்ணை காவல் என்றால் கைத்துப்பாக்கியே வேண்டாம், 12 போர் நீளத் துப்பாக்கி போதும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே பம்ப் ஆக்‌ஷன் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) வகை ஒன்று செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் இந்த நான்கில் எதுவும் வேண்டாம். மரவேலைப்பாட்டையும் பழைய சாமான்களையும் தேடி வருகிறவன் ஆளில்லாத வீட்டுக்குத்தான் வருகிறான். அங்கே பூட்டிய பிஸ்டல் அவனைத் தடுக்காது, அவன் கைக்குத்தான் போகும். அந்தப் பணத்தை வாட்ச்மேனுக்கும் கேமராவுக்கும் செலவழிப்பது மேல். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக, மனம் சோர்ந்து இருக்கும் வீட்டிலும் துப்பாக்கியை வைக்காதீர்கள். கைக்கெட்டும் துப்பாக்கி தற்கொலை அபாயத்தைக் கூட்டுகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. கடையில் முறைப்படி டெபாசிட் செய்துவிடலாம், உரிமை போய்விடாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-இல் அறிவிப்பு மார்ச் 16, முடிவு ஜூன் 4. ஏறக்குறைய மூன்று மாதம் அது வேறொருவர் அறையில் கிடக்கும். பழைய .25 என்றால் இந்த மூன்று மாதத்தில்தான் அதிகம் கெடும். கொடுக்கும் முன் காலி செய்து, குழலிலும் வெளியிலும் வழக்கத்தைவிடச் சற்றுத் தாராளமாக எண்ணெய் தடவி, நம்பரும் நிலையும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடைத்து, குழலை உலர்த்திய பிறகு பெட்டியில் வையுங்கள். லைசென்ஸ் இப்போது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். முடியும் தேதியையும் அப்போதே ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.