பெயர் ஓரிடம், வேலை ஓரிடம்: லிப்ரே ஒபிஸ் மூன்று வருடம் பாவித்த பிறகு

கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி, டைப் செற்றிங், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் கலந்த சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். களவாக இறக்கிய வேர்ட்டை விட்டுவிட்டு, கடிதமும் கணக்கும் அடிக்கிற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸுக்கு மாறி மூன்று வருடமாகிறது. 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கீழே வரும்.

கடைக்கு வந்து விசாரிப்பவர்களில் பாதிப்பேர் கேட்பது, "ஓப்பின் ஒபிஸ்தானே அண்ணை, அது?" என்று. இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, அவ்வளவுதான்.

சன் என்ற கணினி நிறுவனம் 2000இல் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்ட பொருள் ஓப்பின் ஒபிஸ். 2010 தொடக்கத்தில் சன்னை ஒராக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் வாங்கியது. இனி இது என்ன ஆகுமோ என்ற பயத்தில், அதில் வேலை செய்தவர்கள் பலர் அதே வருடம் செப்டெம்பரில் நிரலின் பிரதியோடு வெளியே வந்து டொக்யூமென்ற் பவுண்டேசன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரையும் தாருங்கள் என்று ஒராக்கிளிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால்தான் லிப்ரே ஒபிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர். அடுத்த வருடம் ஒராக்கிள் பழைய பெயரையும் நிரலையும் அப்பாச்சி என்ற திறந்த மென்பொருள் அமைப்பிடம் கொடுத்துவிட்டது.

வன்னி ஆட்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. காணிப் பெமிட் ஒருவர் பேரில் இருக்கும், பற்றை வெட்டித் திருத்தி விதைக்கிறவர் இன்னொருவராக இருப்பார், பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு எந்த நாள் போனாலும் இப்படி ஒரு வழக்கு வாங்கில் உட்கார்ந்திருக்கும். ஒரு வித்தியாசம், காணியைப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. நிரலைப் பிரித்தால் இரண்டு பேருக்கும் முழுசு. கொப்பி எடுக்க முடியாதது பெயர் ஒன்றுதான், சண்டையும் அதில்தான் வந்து நிற்கிறது.

அப்பாச்சியின் ஓப்பின் ஒபிஸ் 4.1 வந்தது 2014இல். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் 4.1க்குப் பின்னால் இன்னொரு எண் ஒட்டிய சில்லறைத் திருத்தங்கள். வேர்ட்டின் டொக்எக்ஸ் பைலைத் திறக்கும், ஆனால் டொக்எக்ஸாகச் சேமிக்காது. எந்த ஒபிஸுக்கு அனுப்பினாலும் டொக்எக்ஸ் கேட்கும் காலத்தில் இதை வைத்து என்ன செய்வது? 2020இல் லிப்ரே பக்கத்தினர் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள், தயவுசெய்து உங்களிடம் வருகிற ஆட்களுக்கு எங்களைப் பற்றியும் சொல்லுங்கள் என்று. அப்பாச்சி கடையைப் பூட்டவும் இல்லை, ஆட்களை இங்கே அனுப்பவும் இல்லை. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களுடைய உரிமத்தின்படி லிப்ரேக்காரர் அந்தக் கிணற்றில் அள்ளலாம், லிப்ரே கிணற்றில் இவர்கள் அள்ள வழியில்லை, அந்தக் கடுப்பு இருக்கும்தானே. அதுக்காக, பெயரை நம்பி வருகிறவனைப் பத்து வருடத்துக்கு முந்திய பொருளோடு விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, லிப்ரேக்கு வருவோம். எங்கள் கடையின் சோறு பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போட்ட பழைய எழுத்துரு அது. தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு கொடுத்த யுனிகோட் வந்து எவ்வளவு காலம் ஆனாலும் நினைவஞ்சலி, நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாம் இன்னும் பாமினியில்தான் கேட்கிறார்கள். பாமினியை லிப்ரே தமிழ் என்று எடுக்காது, ஆங்கிலம் என்றே நினைக்கும். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு விழும், அது பரவாயில்லை. வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குகிற வசதி ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். பாமினியில் சின்ன எழுத்து 'ம' என்றால் அதே விசையின் பெரிய எழுத்து 'மு'. முதல் கிழமையே "மரண அறிவித்தல்" என்று அடித்தேன், "முரண அறிவித்தல்" என்று பிறின்ற் வந்தது. வீட்டுக்காரர் பார்க்க முதல் நான் பார்த்துவிட்டேன், தப்பினேன். "கமக்காரர்" குமக்காரராகும், "தலைவர்" துலைவராவார். வேர்ட்டிலும் இதே கூத்துத்தான், அதனால் லிப்ரேயைக் குறை சொல்லவில்லை. போட்டவுடன் அந்த ஓட்டோ கரெக்டை நிற்பாட்டிவிடுங்கள்.

நான் ஒரு புள்ளி குறைத்தது வேறு காரணத்துக்கு. யுனிகோட் தமிழின் எழுத்துருவும் அளவும் ஒரு பெட்டியில், ஆங்கிலத்தின் அளவு இன்னொரு பெட்டியில் இருக்கும், பாமினியோ ஆங்கிலப் பெட்டிக்குள் போய் உட்காரும். மூன்றும் கலந்த கடிதம் ஒன்றின் ஸ்டைலை மாற்றிப் பாருங்கள், அப்புறம் தெரியும். அதோடு 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் காலையில் முதல்தரம் திறக்கும்போது ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வரலாம். இறக்கும் பைல் 300 எம்பிக்கு மேல், டேட்டா போடுகிறவர்கள் கவனம். மற்றப்படி யுனிகோட் தமிழில் எனக்குக் கொம்பு உடைந்ததில்லை, பீடிஎவ் ஒரு கிளிக்கில் வரும், காசு ஒரு சதமும் இல்லை.

போன மாதம் எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஐயா லாப்டொப்போடு வந்தார். செக்கன்ஹாண்டாக வாங்கியது, விற்ற கடையில் ஓப்பின் ஒபிஸைப் போட்டு "எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்திருக்கிறார்கள். சிறுபோகக் கூட்டத்து அறிக்கையை டொக்எக்ஸாக அனுப்ப வேண்டும், இரண்டு நாளாக மல்லுக்கட்டியிருக்கிறார். லிப்ரேயைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாளே திரும்பி வந்தார், "தம்பி, என்ர ஓப்பின் ஒபிஸைக் காணேல்லை, அழிச்சுப்போட்டியோ?" கதை முழுக்கச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி, ஓப்பின் ஒபிஸ் எங்கை?" என்றார். வேறு வழியில்லாமல் முகப்பில் இருந்த லிப்ரே ஐகனில் வலது கிளிக் பண்ணி, பெயரை ஓப்பின் ஒபிஸ் என்று மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.