கேம்ல காசு போட்டு வாங்குன பொருள் யார் கையில இருந்தா நல்லது? கம்பெனியா, டெலிகிராம் புரோக்கரா, ஸ்டீமா, பிளாக்செயினா

கோத்தகிரியில மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கறதால கேம் ஆடுற பசங்களோட பஞ்சாயத்து எல்லாம் எப்படியும் நம்ம டேபிளுக்குத்தான் வந்து சேருது. டிஸ்ப்ளே மாத்த வந்தவன் கூட உக்காந்து "அண்ணா, இந்த ஐடில இருபதாயிரம் ரூபாய்க்கு ஸ்கின் கெடக்கு, வித்தா காசாகுமா"ன்னு கேக்கறான் (ஸ்கின்னா கேம்ல துப்பாக்கிக்கும் ஆளுக்கும் போடற அலங்கார டிசைன்), அவன் கூட வந்தவன் "அதெல்லாம் பழசுண்ணா, இனிமே பிளாக்செயின் கேம்தான், அதுல பொருள் நம்முது, எந்தக் கம்பெனியும் புடுங்க முடியாது"ங்கறான். ரெண்டாவது ஆளு சொல்றதுல பாதி உண்மை. எந்தப் பாதின்னு பாக்கறதுக்குத்தான் இருக்கற நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதறேன்.

முதல்ல பூட்டு போட்ட கேம்ஸ். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ரகம். யூசி, டைமண்ட்னு கேமுக்குள்ள ஓடற காசை வாங்கலாம், ஆனா உள்ள போன காசு வெளிய வராது, பொருளை இன்னொருத்தனுக்கு விக்கவும் முடியாது. நம்ம ஸ்கின்ங்கறது கம்பெனி சர்வர்ல ஒரு டேபிள்ல ஒரு வரி, அவ்ளோதான். அந்த வரியை அழிக்கறதும் மாத்தறதும் அவங்க இஷ்டம், சில சமயம் அவங்க இஷ்டம் கூட இல்ல: 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலுக்குத் தடை, 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயருக்குத் தடை, பப்ஜியோட இந்திய அவதாரமான பிஜிஎம்ஐ அதே வருஷம் ஜூலைல ஆப் ஸ்டோர்ல இருந்து காணாமப் போயி 2023 மே மாசம்தான் திரும்ப வந்துச்சு. இந்த எடத்துல பிளாக்செயின் கட்சிக்காரங்க "பாத்தீங்களா, செயின்ல இருந்திருந்தா"ன்னு ஆரம்பிப்பாங்க. செயின்ல இருந்திருந்தாலும் ஆப்பை எடுத்துட்டா அந்தத் துப்பாக்கிய எங்க கொண்டு போயி சுடறது?

பூட்டு கேம்ல ஒரு பெரிய நல்லது இருக்கு, அது எங்க தொழில்ல இருக்கறவனுக்குத்தான் நல்லாத் தெரியும். ஜூலை ஆகஸ்ட் மழைல மலைல ஃபோன் செத்துப் போறது சாதாரணம், ஈரம் எறங்கி சார்ஜிங் போர்ட்டு பச்சை புடிச்சு போர்டே போயிடும், டேட்டாவும் எடுக்க முடியாது. அப்பவும் அக்கவுன்ட்டை ஜிமெயில்லயோ ஃபேஸ்புக்லயோ லிங்க் பண்ணி வெச்சிருந்தா புது ஃபோன்ல லாகின் போட்டதும் எல்லா ஸ்கின்னும் அங்கயே இருக்கும். கெஸ்ட் லாகின்ல ஆடுனவன் பாடு மட்டும் கஷ்டம். தப்பு பண்ணுன மனுசனுக்கு ஒரு ரெண்டாவது வாய்ப்பு இருக்கு, இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ செயின் பத்திப் பேசறப்ப வேணும்.

ரெண்டாவது டெலிகிராம் குரூப்ல ஐடி விக்கறது. இதுக்கு ரொம்ப எழுதப் போறதில்ல. கம்பெனி ரூல்ஸ்ல கூடாது, கண்டுபுடிச்சா பேன். அதை விட மோசம், வித்தவன் பத்து நாள் கழிச்சு பழைய மெயில் ஐடியக் காட்டி அக்கவுன்ட்டை ரெக்கவர் பண்ணிட்டுப் போயிடுவான், நீங்க யூபிஐல அனுப்புன காசுக்கு யார்கிட்டப் போயிக் கேப்பீங்க? நடுவுல நிக்கற புரோக்கர் நம்பரும் அன்னைக்கே ஸ்விட்ச் ஆஃப். இந்த வழி வேண்டாம், அவ்ளோதான்.

மூணாவது ஸ்டீம் மார்க்கெட், அதாவது வால்வ் கம்பெனியோட கம்ப்யூட்டர் கேம் கடைக்குள்ள இருக்கற சந்தை. பாதி தொறந்த கதவு. கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கற துப்பாக்கி கேமோட ஸ்கின்னை ஸ்டீமுக்குள்ளயே விக்கலாம் வாங்கலாம், விலை நம்மளே போடலாம், ஒவ்வொரு வியாபாரத்துலயும் ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேமுக்கு 10 சதவீதம்னு கமிஷன் போகும். வித்த காசு ஸ்டீம் வாலட்ல நிக்கும், பேங்க்குக்கு வராது, அதை வெச்சு வேற கேம் வாங்கிக்கலாம். நம்ம ஊருல சின்ன தோட்டம் வெச்சிருக்கறவங்க பச்சை இலைய ஃபேக்டரிக்குப் போடற கதைதான், எடை மெஷினும் அவங்களுது, கழிவு எவ்ளோங்கறதும் அவங்க சொல்றதுதான், ஆனாலும் வாரா வாரம் லாரி வருது, இலை போகுது, கணக்கு ஓடுது. பிடிக்கலைன்னாலும் நடக்குது.

ஸ்டீம் நெனச்சா என்ன பண்ணும்ங்கறதுக்கு 2025 அக்டோபர் நல்ல உதாரணம். செவப்பு கலர் ரகம் ஸ்கின் அஞ்சைக் குடுத்தா ஒரு கத்தியோ கிளவுஸோ மாத்திக்கலாம்னு வால்வ் ஒரு அப்டேட் விட்டுச்சு. அதுவரைக்கும் கத்தி அபூர்வமான பொருள், காசு குடுத்துத் தொறக்கற அதிர்ஷ்டப் பெட்டில அடிச்சாத்தான். ஒரே ராத்திரில கத்தி விலை சரிஞ்சு செவப்பு ஸ்கின் விலை ஏறிப் போச்சு. கத்திய முதலீடுன்னு வாங்கி வெச்சவங்க கத்துனாங்க, அஞ்சு செவப்பு வெச்சிருந்தவங்க பார்ட்டி வெச்சாங்க. அதே கம்பெனிதான் அதே வருஷம் ஜூலைல இன்னொண்ணும் பண்ணுச்சு: ட்ரேட் பண்ணுன பொருளை ஏழு நாளைக்குள்ள திருப்பி வாங்கிக்கற வசதி. அக்கவுன்ட்டை எவனாவது ஹேக் பண்ணி ஸ்கின்னைத் தள்ளிட்டா ரிவர்ஸ் பண்ணிக்கலாம். முதலாளி ஒருத்தன் இருந்தா அவன் அநியாயமும் பண்ணலாம், திருட்டையும் திருப்பலாம், ரெண்டும் ஒரே அதிகாரத்துல இருந்து வருது.

இப்ப நாலாவது. பிளாக்செயின் என்ன பண்ணுதுன்னா அந்த டேபிளை ஒரே கம்பெனிகிட்ட விடாம நெறைய கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி காப்பி எடுத்து வெச்சு, தனி ஆளு எவனும் பழைய கணக்கைத் திருத்த முடியாதபடி பூட்டிடுது, பொருளை நகத்தறதுக்கு உங்க ப்ரைவேட் கீ, அதாவது உங்ககிட்ட மட்டும் இருக்கற ரகசிய சாவி மட்டும்தான் வேணும். கம்பெனிகிட்ட பர்மிஷன் வேண்டாம், காசும் ஸ்டீம் மாதிரி உள்ளயே மாட்டாது, கிரிப்டோவா மாத்தி வெளிய எடுக்கலாம். ஒரு பொருள் மொத்தம் எத்தனைன்னு கான்ட்ராக்ட்லயே, அதாவது செயின்ல ஓடற ப்ரோக்ராம்லயே எழுதி பூட்டிட்டா கம்பெனி நெனச்சாலும் அதே பொருளை இன்னும் அதிகமா அச்சடிக்க முடியாது. கத்தி விவகாரத்துக்கு இது நெஜமான மருந்து, இதை நான் ஒத்துக்கறேன். அதை விட நல்லா மின்னுற புதுக் கத்திய கம்பெனி எறக்குனா என்ன பண்றதுன்னு மட்டும் கேக்காதீங்க.

எத்திரியம்ங்கற பெரிய பிளாக்செயினை உருவாக்குன விட்டாலிக் புட்டரின் தன்னைப் பத்தி எழுதுன குறிப்புல ஒரு விசயம் சொல்லியிருக்காரு. சின்ன வயசுல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு ஒரு ஆன்லைன் கேம் ஆடிட்டு இருந்தப்ப, ஒரு நாள் அவரோட வார்லாக் (மந்திரவாதி) கேரக்டர் மந்திரம் ஒண்ணோட பவரை கேம் கம்பெனி ப்ளிஸார்ட் கொறைச்சிருச்சு, அன்னைக்கு அழுதுட்டே தூங்குனாராம், ஒரே எடத்துல அதிகாரம் இருந்தா என்னென்ன கொடுமை வரும்னு அப்பத்தான் புரிஞ்சுதாம். இதை பிளாக்செயின் ஆளுங்க பெருமையாச் சொல்லுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த மந்திரத்தை என்எஃப்டியா, அதாவது இந்தப் பொருள் இவருதுன்னு செயின்ல எழுதுன டோக்கனா அவர் வாலட்லயே வெச்சிருந்தாலும் அது எவ்ளோ அடிக்கும்னு முடிவு பண்றது கேம் சர்வர்தான். பட்டா உங்க பேர்ல, பவர் அவங்க கையில. ஆரம்பிச்சு வெச்ச குறையே தீரலையேங்கறதுதான் எனக்கு இதுல பெரிய உறுத்தல்.

கேம் மொத்தமா மூடிட்டா இன்னும் மோசம். எஃப்1 டெல்டா டைம்னு ஒரு கேம், 2019ல அதோட ஒரு கார் என்எஃப்டி ஒரு லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு. ஃபார்முலா ஒன் லைசென்ஸ் முடிஞ்சதும் 2022 மார்ச்ல கேமை மூடிட்டாங்க. டோக்கன் செயின்ல பத்திரமா இருக்கு, அந்தக் காரை ஓட்டறதுக்கு டிராக் இல்ல. கம்பெனியே பாத்து வேற கேம்ல மாத்துப் பொருள் குடுத்துச்சு, குடுக்கணும்னு எந்தக் கான்ட்ராக்ட்டும் அதைக் கட்டாயப்படுத்தல.

சரி, ஆக்ஸி இன்ஃபினிட்டிக்கு வருவோம், இதைப் பேசாம இந்த அலசல் முழுசாகாது. வியட்நாம்ல ஸ்கை மேவிஸ்னு ஒரு கம்பெனி செஞ்ச பிளாக்செயின் கேம், ஆக்ஸின்னு சின்னச் சின்ன மிருகங்களை வளத்து சண்டைக்கு விடற ஆட்டம். கொரோனா நேரத்துல பிலிப்பைன்ஸ்ல வேலை போன ஜனங்க இதை ஆடியே அரிசி வாங்குனாங்க, அது பொய் இல்ல. ஆடுனா எஸ்எல்பின்னு டோக்கன் கெடைக்கும், அதை வித்தா காசு. புது ஆக்ஸி குட்டி போட வெக்கறதுக்கு எஸ்எல்பி செலவாகும், டோக்கன் பெருசா வெளிய போற வழி அது ஒண்ணுதான். புதுசா ஆளு வந்துட்டே இருந்தா குட்டிக்கு டிமாண்ட் இருக்கும், வர்றது நின்னா குட்டி யாருக்கு? ஆனா ஆடுறவன் ஒவ்வொருத்தனும் தெனமும் டோக்கனைக் கறந்துட்டே இருப்பான். 2021 நடுவுல 30 சென்ட்டுக்கு மேல போன எஸ்எல்பி ஒரு வருசத்துல ஒரு சென்ட்டுக்கும் கீழ விழுந்துச்சு. பிளாக்செயின் இங்க ஒரு தப்பும் பண்ணல, பணவீக்கம் வந்த கணக்கை ஒரு எழுத்து பிசகாம எழுதி வெச்சுச்சு, அவ்ளோதான் அதால முடிஞ்சது. 2022 பிப்ரவரில ஒரு மோட்ல ஆடுனா வர எஸ்எல்பிய கம்பெனியே மொத்தமா நிறுத்துச்சு, அதாவது அந்த வார்லாக் கதைதான் மறுபடியும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஈவ் ஆன்லைன்ங்கற விண்வெளிக் கப்பல் கேமைப் பாருங்க. செயினும் இல்ல ஒண்ணும் இல்ல, சாதா டேட்டாபேஸ். 2007லயே பொருளாதாரம் படிச்ச ஆளை வேலைக்கு வெச்சாங்க, கேம்ல எவ்ளோ காசு பொறக்குது எவ்ளோ அழியுதுன்னு மாசா மாசம் ரிப்போர்ட் போடறாங்க, அங்க கப்பல் வெடிச்சா வெடிச்சதுதான், அதனால பொருளுக்கு எப்பவும் தேவை இருக்கு. டயாப்ளோ 3ங்கற கேம்ல ப்ளிஸார்ட் 2012ல நெஜக் காசு ஏலச் சந்தை தொறந்து 2014 மார்ச்ல இழுத்து மூடுனதும் டேட்டாபேஸ் கோளாறால இல்ல, அரக்கனை அடிச்சு வாள் எடுக்கறதுதான் ஆட்டமே, வாளைக் கடைல வாங்கிட்டா அப்புறம் எதுக்கு அடிக்கறது. கேம் பொருளாதாரம் படுத்துக்கறது பெரும்பாலும் இந்த மாதிரி எடத்துல, கணக்கு நோட்டு யார்கிட்ட இருக்குங்கறதுல இல்ல.

பாதுகாப்பு விசயத்துலயும் ஆக்ஸி நல்ல பாடம். 2022 மார்ச் 23ல ஆக்ஸி ஓடற ரோனின் செயினையும் எத்திரியத்தையும் இணைக்கற ரோனின் பிரிட்ஜ்ல கை வெச்சாங்க, 1,73,600 ஈதரும் (எத்திரியத்தோட காசு) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்புக்கு நிக்கற டோக்கன்) போச்சு, அன்னைய மதிப்புல 60 கோடி டாலருக்கு மேல. வட கொரியாவோட லாசரஸ் குரூப் வேலைன்னு எஃப்பிஐ சொல்லுச்சு. பரவலா இருக்குன்னு சொன்ன அந்தச் செயின்ல கணக்கை ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடற வேலிடேட்டர் மொத்தம் ஒம்பது, அஞ்சு கீ கெடைச்சாப் போதும், அதுல நாலு ஒரே கம்பெனிகிட்ட. ஆறு நாள் எவனுக்குமே தெரியல, ஒரு யூசர் காசு எடுக்க முடியலைன்னு சொன்னப்பத்தான் பாத்தாங்க. கடைசில ஆளுங்களுக்குப் பணம் திரும்பக் கெடைச்சது கம்பெனி 15 கோடி டாலர் நிதி தெரட்டி ஈடு கட்டுனதால. அப்ப நம்ம நம்புனது செயினையா கம்பெனியையா? மின்சாரம் தின்னுதுங்கற பழைய குத்தம் மட்டும் 2022 செப்டம்பர்ல எத்திரியம் முறை மாத்துனதோட அதுக்குப் பொருந்தாமப் போச்சு, இன்னும் அதையே பேசறவங்க பேச்சை விட்டுடலாம்.

பெரிய ஹேக்கை விடுங்க, நம்ம ஊரு அளவுல பாத்தா சீட் ஃப்ரேஸ்தான் எமன். வாலட்டைத் திரும்ப எடுக்கறதுக்கு இருக்கற அந்தப் பன்னண்டு வார்த்தைய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோன் கேலரில வெச்சுக்கறாங்க. ஃபோன் மழைல போச்சுன்னா வாலட்டும் அதோட போச்சு, போன் போட்டுக் கேக்க கஸ்டமர் கேர் கெடையாது. எவனாவது லிங்க் அனுப்பி அப்ரூவ் பட்டனை அமுக்க வெச்சுட்டா ரிவர்ஸும் கெடையாது. மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த ரெண்டாவது வாய்ப்பு இங்க இல்ல.

நடுவுல ஒண்ணு சொல்லணும். நீலகிரி டீத்தூளை பிளாக்செயின்ல ஏத்துனா கலப்படம் போயிடும்னு பேசற ஆளுங்களும் இருக்காங்க. அதுக்கு கேமே தேவலை. கேம்ல பொருள் பொறக்கறதே கம்ப்யூட்டர்ல, சாக்குல என்ன இலை இருக்குங்கறதை முதல் தடவை டைப் பண்றது ஒரு மனுசன், அவன் பொய் டைப் பண்ணுனா அந்தப் பொய் அழியாம நெலைச்சு நிக்கும்.

அப்போ எதை எடுக்கறது? ஜாலிக்கு ஆடுறவனுக்கு பூட்டு கேம் போதும், போட்ட காசு படத்துக்குப் போன காசு மாதிரின்னு மனசைத் தேத்திக்கணும். வாங்கி வித்துப் பாக்கணும்னு ஆசை இருந்தா என் ஓட்டு ஸ்டீமுக்கு, 15 சதவீதம் அநியாயம்தான், இருந்தாலும் திருட்டு போனாத் திருப்ப ஆளு இருக்கு. பிளாக்செயின் எனக்கு நியாயமாப் படற எடம் ஒண்ணுதான்: ஒருத்தரை ஒருத்தர் நம்பாத நாலஞ்சு கம்பெனி சேந்து ஒரே பொருளை எல்லாரோட கேம்லயும் ஓட விடணும்னா பொதுக் கணக்கு வேணும், அதுக்கு இது சரி. ஆனா அப்படி ஒருத்தன் பொருளை இன்னொருத்தன் ஏத்துக்கறதுல பெரிய கேம் கம்பெனிங்களுக்கு ஆர்வமே இல்ல, வால்வ் 2021 அக்டோபர்ல என்எஃப்டி கேம்ஸையே ஸ்டீம்ல இருந்து தள்ளுச்சு, மைன்கிராஃப்ட் 2022 ஜூலைல வேண்டாம்னுச்சு, யூபிசாஃப்ட் குவார்ட்ஸ்னு என்எஃப்டி திட்டம் ஆரம்பிச்சு நாலே மாசத்துல அதுல இருந்த கேமுக்கு புது என்எஃப்டி விடறதை நிறுத்திடுச்சு.

அதையும் மீறி எறங்கறவங்களுக்கு சட்டம். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வெச்சு பணம் எடுக்கற ஆட்டத்தை நடத்தறவங்களுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது, பணம்ங்கறதுல காசு குடுத்து வாங்குன காயின், டோக்கனையும் சேத்திருக்கு, ஆடி சம்பாதிக்கற கேமுக்கு இது நல்ல செய்தி இல்ல. ஆடுறவங்களுக்கு அதுல தண்டனை இல்ல, ஆனா அவங்களுக்குன்னு வரி இருக்கு: கிரிப்டோ, என்எஃப்டி லாபத்துக்கு 2022 ஏப்ரல்ல இருந்து 30 சதவீதம், அதுக்கு மேல செஸ், ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் முடியாது. ஒரு டோக்கன்ல பத்தாயிரம் லாபம், இன்னொண்ணுல பத்தாயிரம் நஷ்டம்னு வெச்சுக்கங்க, கையில மிஞ்சுனது சைபர், கட்ட வேண்டியது 3,120 ரூபாய் (வரி 3,000, செஸ் 120).