பாளையிலிருந்து டவுனுக்கு: பைக்கா, பஸ்ஸா, சைக்கிளா?

வீடு பாளையங்கோட்டையில், வேலை ஜங்ஷனிலோ டவுனிலோ. நம்ம திருநெல்வேலியில் ஏகப்பட்ட பேருக்கு இதுதான் அன்றாடம். சிலருக்கு நேர் எதிர்: வீடு டவுனில், வேலை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ. எப்படிப் பார்த்தாலும் ஒரு வழிக்கு 4 முதல் 8 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பைக், டவுன் பஸ், சைக்கிள் மூன்றுமே ஒத்துவருகிற தூரம் இது. மேலப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கட்டும், அவரை நான் கூப்பிடவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவருக்கு வருஷத்தில் பெரும்பகுதி சைக்கிள்தான் சரி. டவுனிலிருந்து பாளைக்கு வருகிறவருக்கு அதே ரோடு, அதே தூரம்தான். ஆனாலும் அவரிடம் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கீழே வருகிறது.

காசுக் கணக்கைத்தான் சைக்கிள் பிரியர்கள் முதலில் எடுப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் நொண்டி வாதமாகத்தான் படுகிறது. போக 6, வர 6, மாதம் 25 நாள் என்றால் 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 45, 50 கொடுக்கிற ஸ்கூட்டருக்கு ஆறேழு லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் மாதம் 700 ரூபாய் பக்கம் மிச்சம். பைக்கை விற்றுவிட்டு யாரும் சைக்கிள் வாங்குவதில்லை. பைக் வீட்டில் நிற்கத்தான் போகிறது, இன்ஷூரன்ஸ் கட்டத்தான் போகிறோம். அந்த 700-லும் ஒரு பங்கு சாயங்காலம் டீக்கடையில் வடையாகப் போய்விடும். மிதித்தால் பசிக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெண்களுக்கோ கணக்கே வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. காசை மட்டும் பார்த்தால் அந்தப் பஸ்ஸை எந்தச் சைக்கிளும் ஜெயிக்க முடியாது.

நேரத்தில் பைக்தான் முதல். ஆனால் நினைக்கிற அளவுக்கு முந்திவிடவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சமாதானபுரத்தில் கிளம்பினால் முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன், அப்புறம் எஸ்.என். ஹைரோடு என்று நெரிசல் வரிசையாக நிற்கும். அங்கே பைக்கும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஊர்கின்றன. சைக்கிளுக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டால் போதும். பஸ்ஸில் ஓடுகிற நேரத்தைவிட ஸ்டாப்பில் காத்துநிற்கிற நேரம்தான் தின்றுவிடும். ஆனால் சீட் கிடைத்தால் கண்ணை மூடலாம், போனைப் பார்க்கலாம். அந்த அரை மணி நேரத் தூக்கம் இல்லாமல் முடியாது என்கிறவர் பஸ்ஸிலேயே போகட்டும், தப்பில்லை.

சைக்கிள் தைரியமாக மார்தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம் உடம்பு.

விடியற்காலையில் பாளை அண்ணா ஸ்டேடியத்துக்கும் வ.உ.சி. மைதானத்துக்கும் வெளியே நிற்கிற பைக்குகளைப் பாருங்கள். பைக்கில் வந்து இறங்கி, நாலு சுற்று நடந்து, மறுபடி பைக்கில் ஏறி வீட்டுக்குப் போய்க் குளித்து, அதே பைக்கில் ஆபீஸ். நடப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நடை ஒரு மழை பெய்தால் நிற்கும், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நிற்கும், ராத்திரி மேட்ச் பார்த்துத் தாமதமாகப் படுத்தால் நிற்கும். வேலைக்குப் போவது அப்படி நிற்காது. எப்படியும் போயாக வேண்டிய ரோட்டிலேயே உடற்பயிற்சியும் முடிந்துவிடுவதுதான் சைக்கிளின் பெரிய லாபம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக 25 நிமிஷம், வர 25 நிமிஷம் மிதித்தால் ஆறு நாளில் 300 ஆகிவிடுகிறது. இதற்கென்று அலாரம் வைக்கத் தேவையில்லை.

2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை அலசி, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காரிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போனவர்களைவிட, சைக்கிளில் போனவர்களுக்கு மரண அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. இருதய நோய், புற்றுநோய் இரண்டிலும் அதே போக்கு. நடந்து போனவர்களுக்கு இருதய நோய் அபாயம் குறைந்திருந்தது. மொத்த மரண அபாயத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே திடமாக இருக்கிறவர்தானே சைக்கிளை எடுப்பார் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். புகைப்பழக்கம், உணவு போன்றவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகு வந்த எண்கள்தான் இவை. அப்படியும் சந்தேகம் முழுசாகப் போய்விடாது. அந்த 41-ஐ அப்படியே நம்ப வேண்டாம், பாதியை நம்பினாலே போதும்.

பஸ் சம்பந்தமாக அதைவிடப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ல் ஜெர்ரி மோரிஸ் குழு காட்டியது. நம்மூர் ஒன்பது மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் போவதும் ஒருவகையில் கொடுப்பினைதானோ என்னவோ.

உடம்பு இளைக்கும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அரை மணி நேரம் சாவகாசமாக மிதித்தால் 200 கலோரி பக்கம் கரையும். டவுனில் வேலை பார்த்துக்கொண்டு, திரும்பும் வழியில் கீழ ரத வீதியில் சூடாக நூறு கிராம் அல்வா சாப்பிட்டால், கரைந்ததற்கு மேலேயே திரும்ப வந்து சேர்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பலன் வேறு வகையில் கிடைக்கிறது. உழைக்கிற தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலின் வேலை செய்வதும் மேம்படுகிறது. இன்சுலின் போடுகிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும். வழியில் சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளப் பையில் கொஞ்சம் சீனி இருக்கட்டும்.

இனி காற்றுக்கு வருவோம். தாமிரபரணிக்குக் கிழக்கே பாளை, மேற்கே டவுன். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து மேகாற்று, அதாவது மேற்குக் காற்று, கிளம்பிவிடும். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் நமக்குக் காற்றுதான் மிச்சம். காலையில் இளசாக இருக்கும், மதியத்துக்கு மேல் ஆளைத் தள்ளும். பாளைக்காரர் காலையில் மேற்கே போகிறார், வெயில் முதுகில் விழுகிறது. காற்று எதிரேதான், ஆனால் அந்நேரம் அவ்வளவு வேகம் கிடையாது. சாயங்காலம் கிழக்கே திரும்பும்போது வெயில் மறுபடியும் முதுகில்தான், காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. டவுன்காரருக்கு எல்லாம் தலைகீழ். காலை வெயில் கண்ணைக் குத்தும். வேலை முடிந்து களைத்து வரும்போது வெயிலும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். சுலோச்சனா முதலியார் பாலத்தின் மேல் ஒதுங்குவதற்கு ஒரு மரநிழல்கூடக் கிடையாது.

இது வெறும் அலுப்பு சமாசாரமும் அல்ல. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் காற்று அடித்தால், நெஞ்சில் மோதுவது 30 கிலோமீட்டர் காற்று. தடை நாலு மடங்கு. பைக்கில் போகிறவருக்கு இது உறைக்கவே உறைக்காது, இன்ஜின் பார்த்துக்கொள்ளும். அதனால் டவுன்காரர் ஆனி முதல் ஆவணி வரை பஸ்ஸிலோ பைக்கிலோ வந்துவிட்டு, மார்கழியில் சைக்கிளை வெளியே எடுப்பது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு யாராக இருந்தாலும் பஸ்தான்.

வேர்வை பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சித்திரை வெயிலில் வேர்க்கத்தான் செய்யும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதித்து, போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவி, கேரியரில் மடித்து வைத்த சட்டையை மாற்றிக்கொண்டால் விஷயம் முடிந்தது. வேர்வையைவிட வாய்கள்தான் சிரமம். "என்ன அண்ணாச்சி, வண்டி ஒர்க்‌ஷாப்லயா?" என்பார் ஒருவர். "பெட்ரோல் வெலைக்குப் பயந்துட்டியளோ?" என்பார் இன்னொருவர். நம்மூரில் இன்று சைக்கிளில் போகிறவர்கள் கட்டட வேலைக்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், அரசாங்க இலவச சைக்கிளில் வருகிற பிளஸ் ஒன் பிள்ளைகள். இன்னொரு கோடியில், ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கியர் சைக்கிளில் நாலுவழிச் சாலைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடுவில் இருக்கிற மாதச் சம்பளக்காரரைத்தான் காணோம். ஒரு மாதம் போனால் கேட்கிற வாய்கள் ஓய்ந்துவிடும்.

பயம் வேறு விஷயம், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. பாதுகாப்பில் பஸ்தான் முதல். அதற்கு அடுத்த இடத்தைக்கூடச் சைக்கிளுக்கு நான் மனசறிந்து கொடுத்துவிட மாட்டேன். வண்ணார்பேட்டையில் பஸ் இடதுபக்கம் ஒடித்து ஸ்டாப்பில் சேருகிற இடம், ஷேர் ஆட்டோ கையைப் பார்த்ததும் நிற்கிற இடம், நிறுத்தின காரின் கதவு திறக்கிற இடம், இந்த மூன்றிலும் கண் வேண்டும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் கீழ்த்தட்டைப் பிடித்தால் லாரி, பஸ் தொல்லை இல்லை. பின்பக்கம் சிவப்பு லைட் இல்லாமல் இருட்டியபின் கிளம்பக் கூடாது. ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காது, மண்டை கேட்கும்.

முட்டி வலிக்கிறது என்று சைக்கிளை மூலையில் போட்டவர்களிடம் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். முக்கால்வாசிப் பேர் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். முட்டி மடங்கியே மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அவ்வளவுதான் வேண்டும். சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனர் போட்டால் ஆகிற வேலை. கூடவே இரண்டு சக்கரத்துக்கும் காற்றைக் கெட்டியாக அடித்து, ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பாதி அலுப்பு அதிலேயே போய்விடும். கியர் அவசியமா என்றால், நம் ரோட்டுக்கு வேண்டாம் என்பேன். ஆற்றிலிருந்து முருகன்குறிச்சிப் பக்கம் ஏறுகிற மேடு தவிரப் பெரிய ஏற்றம் எதுவும் வழியில் இல்லை.

காற்றோடு மல்லுக்கு நிற்கிற டவுன்காரருக்கு இன்னொரு வழி, பேட்டரி சைக்கிள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மிதிக்க மிதிக்க மோட்டார் கைகொடுக்கிற வகையை வாங்கினால் உடற்பயிற்சியும் ஓரளவு மிஞ்சும். கைப்பிடியைத் திருகினாலே ஓடும் என்றால் அது சின்ன ஸ்கூட்டர்தான், உடம்புக்கு ஒன்றும் சேராது. சாதா சைக்கிளைப்போல் மூன்று நாலு பங்கு விலை. பேட்டரி போனால் அந்தச் செலவு தனி.

அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவிப் பக்கமிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் நெல்லைக்கு வேலைக்கு வருகிறவர்கள் இந்தச் சண்டைக்குள் வரவே வேண்டாம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், மிச்சத்துக்கு ரயில். ஸ்டேஷனில் நாள் முழுக்க வெயிலில் காயப்போகிற வண்டி என்பதால் புதுசு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. நல்ல பழைய வண்டி ஒன்றை ஓவராயில் பண்ணி எடுத்தால் போதும். டயரும் பிரேக் கட்டையும் மட்டும் புதுசாகப் போடச் சொல்லுங்கள்.