நெடுநாள் நின்ற பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்: பேனைக் கழற்றுவதா, மெஷின் ஃபிளஷா?
மாதக்கணக்கில் நின்ற ஆட்டோமேட்டிக் பிக்கப்பை எடுத்து டிரைவில் போட்டால் சில விநாடி அசையாது, அப்புறம் டொக்கென்று இடித்துக்கொண்டு கிளம்பும். ரிவர்ஸில் இன்னும் மோசம். மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் வழிகள் இரண்டு: கியர் பெட்டியின் அடியிலுள்ள பேனை, அதாவது ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றி ஃபில்டரோடு ஆயில் மாற்றுவது, அல்லது மெஷின் மாட்டிப் புது ஆயிலைச் செலுத்திப் பழைய ஆயில் முழுவதையும் வெளியே தள்ளுவது, அதாவது ஃபிளஷ் செய்வது. நான் ஊருக்குப் போயிருந்தபோது ஹூஸ்டன் ஈரக்காற்றில் நின்றே கிடந்த என் பிக்கப்புக்கு முதல் வழியைத்தான் எடுத்தேன்.

இரண்டுக்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் கியரை நடத்தும் கம்ப்யூட்டர் குழம்பி, ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். எலி ஒயரைக் கடித்திருந்தாலும் இதே கதைதான். முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தாமதம், பிறகு சரியாக ஓடுகிறது என்றால் பதற வேண்டாம். நிற்கும் வண்டியில் டார்க் கன்வெர்டரிலுள்ள (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியருக்குக் கடத்தும் பாகம்) ஆயில் மெல்லப் பேனுக்கு இறங்கிவிடும். பம்ப் அதைத் திரும்ப நிரப்பும்வரை சக்கரத்துக்கு இழுவை வராது. எஞ்சினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான்.

ஃபிளஷின் பலம் ஒன்றுதான், ஆனால் பெரிய பலம்: பழைய ஆயில் ஏறக்குறைய முழுவதும் ஒரே தடவையில் வெளியேறும். பேன் வழியில் அது நடக்காது. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-ஈ என்ற கியர் பெட்டியை எடுத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 11 லிட்டரில் பேனைக் கழற்றினால் வருவது 5 லிட்டருக்குள்தான். மீதி கன்வெர்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் பாதிகூடப் புதிதாகாது. இடையில் கொஞ்சம் ஓட்டி மூன்று முறை மாற்றினால் 80 சதவீதத்தைத் தாண்டும். ஆயில் செலவும் அதற்கேற்ப ஏறும்.

இருந்தும் நான் பேன் பக்கம் நிற்கக் காரணம், கழற்றிய பேன்தான் உள்ளே நடப்பதைச் சொல்கிறது. பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு மெல்லிசாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. கறுப்புத் தூளும் தீய்ந்த வாடையும் இருந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் மாதிரி இருந்தால் தண்ணீரோ ரேடியேட்டர் கூலன்ட்டோ கலந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் காகித லைனிங்கின் பசையை அந்த நீர் தின்றுவிடும். அந்த நிலையில் ஆயில் மாற்றுவது வீண் செலவு, பெட்டியை இறக்கிப் பிரிக்கத்தான் வேண்டும். மெஷின் ஃபிளஷில் இதெல்லாம் பெரும்பாலும் கண்ணில் படாது. பல கடைகளில் பேனைத் தொடுவதே இல்லை, பழைய ஃபில்டரும் உள்ளேயே இருந்துவிடும். என் பேனில் குழைவு மட்டும்தான் இருந்தது, அதனால் துணிந்து புது ஃபில்டரும் கேஸ்கெட்டும் போட்டு ஆயிலை நிரப்பினேன். இடிப்பு நின்றது. காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு சின்னத் தயக்கம் இன்னும் உண்டு. வறண்டு இறுகிய சீல்களாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சீலைப் புது ஆயில் முழுக்கக் குணப்படுத்தும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஃபிளஷ் செய்தால் பழைய பெட்டி செத்துப்போகும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தவை என்பது என் ஊகம். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த, சில மாதம் மட்டும் நின்ற வண்டியென்றால் ஃபிளஷையும் தவறு என்று சொல்ல மாட்டேன். பேனையும் கழற்றித் தரும் கடையாகப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத புதுப் பெட்டிகளில் என் கை பழகவில்லை. அவற்றில் பலவற்றுக்கு, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும் பிளக்கைத் திறந்து வழிவதை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு லிஃப்டும் ஸ்கேனரும் உள்ள கடைதான் சரி.