இரங்கல் மோதிரம்: எனாமலா, முடி பதித்ததா?

காலனிய அமெரிக்காவில் இறந்தவர் நினைவாக மோதிரம் கொடுப்பது வழக்கம். பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவல் 1687 முதல் 1725 வரை 57 மோதிரங்கள் பெற்றார். பழையதை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எனாமல் (உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடிப் பூச்சு), முடி பதித்தது என்ற இரண்டு வகைகளுக்கு நடுவேதான் தடுமாறுகிறார்கள்.

அடையாளம்
எனாமல்: வளையத்திலேயே பெயர், இறந்த நாள், வயது. கறுப்பே அதிகம், வெள்ளை பெரும்பாலும் மணமாகாதவருக்கும் குழந்தைகளுக்கும்.
முடி: படிகக்கல்லுக்கு அடியில் இறந்தவரின் முடி. எழுத்து இல்லையென்றால் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம்.

உறுதி
எனாமல்: அடிபட்டால் சில்லு தெறிக்கும். அளவு மாற்றச் சூடு காட்டினால் விரிசல் விடும். ஆகவே அளவில் கை வைக்காதீர்கள்.
முடி: தண்ணீர்தான் எமன். கல்லின் ஓரமாக ஈரம் கசிந்தால் அடித்தகடு கறுக்கும், முடி கலையும். கைகழுவும் முன் கழற்ற வேண்டும். வெயிலில் நிறமும் மங்கும்.

சுத்தம்
இரண்டுக்கும் உலர்ந்த மென்துணி போதும். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி கூடவே கூடாது.

பெயரும் தேதியும் கொண்டு குடும்ப வரலாறு தேடுபவர் எனாமலை எடுக்கலாம். அணிவதும் எப்போதாவது சரி. முடி மோதிரம் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பவருக்கு மட்டும். ஆனால் நெருக்கம் என்று பார்த்தால் அதற்கு ஈடில்லை: உள்ளே இருப்பது அந்த மனிதரின் ஒரு பகுதி.